ஜிஆர் யாரிஸ்: காரைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஜப்பானில் ஐச்சி மாகாணத்தில் வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது 2021-ஆம் வருட டொயோட்டா ஜிஆர் யாரிஸ், ஆர்இசட் ஹை பெர்ஃபாமன்ஸ் ரகம், வெள்ளை நிறம். செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஆபீஸில் கூட இருக்கும் தமிழ்ப் பசங்க, ஊரிலிருந்து வீடியோ காலில் வரும் தம்பி, பெட்ரோல் பங்கில் பக்கத்தில் வண்டி நிறுத்தியவர் என்று பல பேர் கேட்டு, ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

யாரிஸ் என்றால் கடைக்குப் போய்வர வாங்குகிற சின்ன கார்தானே, இதில் அப்படி என்ன இருக்கிறது?

பெயர் யாரிஸ்தான், முன்னால் நிற்கும் ஜிஆர் என்பது டொயோட்டாவின் ரேஸ் பிரிவான கஸூ ரேஸிங்கின் சுருக்கம். ஆனால் வெளியே சாதா யாரிஸோடு பொதுவாக இருப்பது ஹெட்லைட், டெயில் லைட், பக்கவாட்டுக் கண்ணாடி, கூரை ஆன்டெனா, அவ்வளவுதான். டிக்கிக் கதவையும் சேர்த்து எண்ணினால் சாதா யாரிஸுக்கு ஐந்து கதவு, இதற்கு மூன்று. பானெட், கதவுகள், டிக்கிக் கதவு எல்லாம் அலுமினியம். கூரை கார்பன் ஃபைபர் கலவை. அடிச்சட்டத்தில் முன்பாதி சாதா யாரிஸுடையது, பின்பாதி கொரோலா அளவுக் கார்களுக்கான பெரிய சட்டம், இரண்டையும் நடுவில் சேர்த்திருக்கிறார்கள். பின்சக்கரங்களுக்கு டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் பொருத்தவும், பின்னால் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டையும், அதை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் உள்ளே வைக்கவும் சின்னச் சட்டத்தில் இடமில்லை, அதற்காகத்தான் இந்த ஒட்டு வேலை. இவ்வளவு செலவு செய்து ஒரு சின்ன ஹேட்ச்பேக்கை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டால், அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

பொதுவாக ஒரு நிறுவனம் முதலில் தெருவில் ஓடும் காரைச் செய்யும், அப்புறம் அதை ராலிக்கு, அதாவது மலைச்சாலை, மண்சாலை, பனிச்சாலையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டிக்கு, மாற்றும். இந்தக் காரில் வரிசை தலைகீழ். டொயோட்டா 2017-இல் உலக ராலி சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பி வந்தது. அப்போது அவர்கள் ஓட்டியது சாதா யாரிஸை வைத்து மாற்றிக் கட்டிய ராலி கார். அதில் ஜெயித்தார்கள்தான், ஆனாலும் மூலக்கார் உயரமான குடும்பக் கார், அதன் கூரை பின்பக்கம் வரை தூக்கிக்கொண்டு நிற்பதால் பின் ஸ்பாய்லருக்குக் காற்று சரியாகப் போய்ச் சேராது. இதைப் போட்டிக் காரில் மாற்ற விதி விடாது. தெருவில் விற்கும் காரிலேயே கூரை தாழ்வாக இருந்தால்தான் போட்டிக் காரிலும் தாழ்வாக இருக்கலாம், அதுவும் அந்தத் தெருக்காரை ஆயிரக்கணக்கில் செய்து விற்றால்தான் ராலி அமைப்பு அனுமதிக்கும். சரி, அப்படியானால் ராலிக்குத் தேவையான காரை முதலில் வரைவோம், அதற்கு நம்பர் பிளேட் மாட்டி ஜனங்களுக்கு விற்போம் என்று முடிவு செய்தார்கள். கூரை ஏன் பின்னால் சரிகிறது, கதவு ஏன் இரண்டு பக்கமும் ஒன்றே ஒன்று, பின்சக்கர வளைவு ஏன் இப்படிப் புடைத்து நிற்கிறது, எதைத் தொட்டுக் கேட்டாலும் இந்தக் காரில் ஒரு காரணம் கிடைக்கும். எனக்கு இந்தக் கார் மேல் வந்த பைத்தியம் எல்லாம் இதனால்தான்.

ஜிஆர் யாரிஸை வைத்துச் செய்த ராலி காரில் யார் ஜெயித்தார்கள்?

யாரும் இல்லை, அந்தக் கார் போட்டிக்கே வரவில்லை! 2020 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோன் என்ற கார் கண்காட்சியில் ஜிஆர் யாரிஸை வெளியிட்டார்கள், 2021 சீசனில் அதன் ராலி வடிவம் இறங்குவதாகத் திட்டம். அதற்குள் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. சோதனை ஓட்டமும் முடங்கியதால் புதுக்காரைக் கைவிட்டு, பழைய யாரிஸ் ராலி காரிலேயே இன்னொரு வருடம் ஓட்டினார்கள், பிரெஞ்சு ஓட்டுநர் செபாஸ்டியன் ஓஜியே அதிலேயே 2021 பட்டத்தையும் வாங்கிவிட்டார். 2022-இல் உச்ச வகுப்புக்கு ராலி1 என்ற புது ஹைபிரிட் விதிகள் வந்துவிட்டன. அதில் மூலக்காரின் உடல்கூடு அவசியமே இல்லை, தனியாகக் கட்டிய குழாய்க் கூட்டின் மேல் ஜிஆர் யாரிஸின் முகத்தைப் பொருத்தினால் போதும். கால்லே ரோவன்பெரா 22 வயதில், வரலாற்றிலேயே இளம் உலக ராலி சாம்பியனாக ஆனது அந்தக் காரில்தான், 2023-லும் அவர்தான்.

ஆக எந்த விதிக்காக இந்தத் தெருக்கார் பிறந்ததோ அந்த விதி போய்விட்டது, கார் மட்டும் தங்கிவிட்டது. கணக்குப் பார்க்கும் நிறுவனம் அந்த இடத்திலேயே திட்டத்தை மூடியிருக்கும், இவர்கள் மூடாமல் விற்றார்கள். 2024 மான்டி கார்லோ ராலியில், ராலி1-க்கு அடுத்த ராலி2 வகுப்பில் ஜிஆர் யாரிஸ் இறங்கியபோதுதான், தெருக்காரின் இன்ஜினை அடிப்படையாகக் கொண்ட டொயோட்டாவின் ராலி2 கார் முதல்முறையாக உலக ராலி மேடைக்கு வந்தது. தெருக்கார் வந்து மூன்று வருடத்துக்கும் மேல் கழித்து! அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மூன்று சிலிண்டர்தானா? காசைச் சேமிக்கத்தானே மூன்று போடுவார்கள்?

தம்பி கேட்டது இது. ஊரில் மூன்று சிலிண்டர் என்றால் மைலேஜுக்காக என்றுதான் பழகியிருக்கிறோம், அதனால் கேள்வி நியாயமானது. பதில் இன்ஜினுக்குள் இருக்கிறது.

நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் 180 பாகை சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டர் வெடிக்கும். புகை வெளியேறும் வால்வு அதைவிட நீண்ட நேரம் திறந்திருக்கும். அதனால் ஒரு சிலிண்டர் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தன் புகையை அதே குழாயில் தள்ளும், ஒன்றின் அழுத்தம் மற்றதற்கு முட்டுக்கட்டையாகும். மூன்று சிலிண்டரில் வெடிப்பு 240 பாகைக்கு ஒருமுறை. ஒன்றின் மூச்சு கிட்டத்தட்ட முடிந்த பிறகுதான் அடுத்ததன் மூச்சு வருகிறது, புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் சக்கரத்துக்கு ஒவ்வொரு தள்ளலும் சுத்தமாகப் போய்ச் சேருகிறது. அதனால் ஒரே டர்போ, சிக்கலான இரட்டைக் குழாய் ஏற்பாடு எதுவும் வேண்டாம். டர்போ பால் பேரிங் வகை. நீளமும் எடையும் குறைவதால் இன்ஜினைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கவும் முடிகிறது, மூக்குப் பாரம் குறைகிறது.

கொள்ளளவு 1,618 சிசி. ஏன் இந்த எண்ணில் போய் நிற்கிறது? ராலி2 வகுப்பின் உச்சவரம்பு 1,620 சிசி! இதில் என் காருக்கு 272 பிஎஸ் (குதிரைசக்தி) சக்தி, 370 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. ஐரோப்பாவில் விற்றது 261 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர். எடை 1,280 கிலோதான், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு 5.5 வினாடி என்பது ஐரோப்பிய மாடலுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு.

2021-இல் டொயோட்டா ஹைட்ரஜனை நேரடியாக எரிக்கும் கொரோலா ஒன்றை ஃபுஜி 24 மணி நேரப் போட்டியில் ஓட்டியதே, அதில் இருந்ததும் இந்த மூன்று சிலிண்டர்தான், எரிபொருள் அமைப்பை மாற்றி. மட்டமான இன்ஜின் என்று நினைப்பவர்கள் அதையும் யோசித்துப் பார்க்கலாம்.

சத்தம் எப்படி?

குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். 3,000 சுற்றைத் தாண்டியதும் தொண்டை திறந்துகொள்ளும். கேபினுக்குள் ஸ்பீக்கர் வழியாகவும் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்கள், அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கண்ணாடியை இறக்கிவிட்டு மலைச்சுவரை ஒட்டிப் போகும்போது திரும்பி வரும் சத்தம்தான் இதன் நிஜக் குரல்.

நாலு வீல் டிரைவ் என்கிறீர்கள், அதன் சக்தியை முன்னே பின்னே மாற்றலாம் என்கிறார்களே, எப்படி?

முன்சக்கரங்களுக்கு எப்போதும் நேரடி இணைப்பு. பின்பக்கத்துக்கு நீண்ட ஷாஃப்ட் ஒன்று போகிறது, அது பின் டிஃபரன்ஷியலைச் சேரும் இடத்தில் பல தகடுகள் அடுக்கிய கிளட்ச் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு சக்தி பின்னால் போகும். இதுவரை சொன்னது எத்தனையோ எஸ்யூவிகளில் இருப்பதுதான். ஆனால் அவற்றில் பின்பக்கத்துக்கு அதிகபட்சம் பாதி கிடைத்தால் உண்டு. இதில் ஸ்போர்ட் மோடில் போட்டால் முன்னே 30, பின்னே 70. எப்படிச் சாத்தியம் என்றால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சுற்றும் பல்சக்கர விகிதத்தில் மிகச் சின்ன வித்தியாசம் வைத்திருக்கிறார்கள், பின்பக்க ஷாஃப்ட் எப்போதும் ஒரு துளி வேகமாகச் சுற்றப் பார்க்கும். கிளட்ச் தகடுகள் இறுகினால் அந்த வேகம் பின்சக்கரங்களைத் தள்ளும். எத்தனை எளிமையான யோசனை பாருங்கள்!

நார்மலில் 60:40, ட்ராக்கில் 50:50. என் ரகத்தில் முன்னும் பின்னும் டோர்சன் வகை டிஃபரன்ஷியல் இருக்கிறது, ஒரு சக்கரம் வழுக்கினால் மறுபக்கச் சக்கரத்துக்குப் பல்சக்கரமே சக்தியை மாற்றிவிடும், பிரேக் பிடித்து ஏமாற்றும் வேலை இல்லை.

ஹேண்ட்பிரேக் லிவரைப் பற்றி ஏன் எல்லாரும் பேசுகிறார்கள்?

லிவரை இழுத்தால் பின்சக்கர இணைப்பு தானாக அறுந்துவிடும். இப்படி அறுந்துகொள்ளாத நாலு வீல் டிரைவ் கார்களில் ஓடும்போது ஹேண்ட்பிரேக் இழுத்தால் பின்சக்கரத்தைப் பூட்டும் விசை ஷாஃப்ட் வழியாக முன்சக்கரத்தையும் இன்ஜினையும் இழுத்துப் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவில் பின்பக்கத்தை வீசித் திருப்புவது ராலிக்காரர்களின் அன்றாட வேலை, அதற்காக வைத்தது. பொதுச்சாலையில் இதைச் செய்யாதீர்கள். நான் பனிக்காலத்தில், கட்டணம் கட்டி உள்ளே விடும் மூடிய மைதானத்தில் மட்டும் செய்திருக்கிறேன். முதல்முறை கார் அப்படியே தன் நடுவில் ஊசி குத்தியது போலச் சுழன்று எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது, அடுத்த நொடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் நாலு சக்கரமும் சேர்ந்து வெளியே இழுத்துக்கொண்டு போகிறது.

ஓட்டும்போது உண்மையில் எப்படி இருக்கும்?

டொயோட்டா நகரிலிருந்து 153-ஆம் எண் சாலையில் கிழக்கே போனால் ஆசுகே வரும். நவம்பரில் கோராங்கேய் பள்ளத்தாக்கின் சிவந்த மேப்பிள் இலைகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் ஊர். அதைத் தாண்டினால் சாலை மலையேறி நகானோ பக்கம் போகும். வழியில் இசேகாமி என்ற இடத்தில் மெய்ஜி காலத்து (1868-1912) பழைய கல் சுரங்கம் ஒன்று இருக்கிறது, ஒரு கார் போகும் அகலம்தான். ராலி ஜப்பான் 2022-இல் இந்தப் பகுதிக்கு வந்தபோது போட்டிக் கார்களை அந்தச் சுரங்கத்தின் வழியாகவே விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்கு இந்தப் பக்கம் போவது எனக்குப் பழக்கம். வேகமாகப் போவதற்கு அல்ல, வேக வரம்புக்குள் போனாலே இந்தக் கார் பேசும். ஈர இலை கிடக்கும் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் உடனே கடிக்கிறது, அரை நொடியில் பின்பக்கம் லேசாக உட்கார்ந்து தள்ள ஆரம்பிக்கிறது, எந்த டயருக்கு எவ்வளவு பிடி மிச்சம் இருக்கிறது என்று இடுப்புக்குத் தெரிகிறது. பெரிய சக்திவாய்ந்த கார்களில் இப்படி ஒரு ரோட்டில் போனால் கார் தூங்கிக்கொண்டிருக்கும், நாம்தான் அதை எழுப்ப வேகத்தைக் கூட்ட வேண்டும். இது 40 கி.மீ. வேகத்திலும் முழித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கியரிலேயே ஏற்றம் முழுவதும் போகலாம், இழுவை அப்படி. கிளட்ச் கொஞ்சம் கனம், கியர் லிவர் குட்டையான நடை, கீழ் கியருக்கு மாற்றும்போது இன்ஜின் சுற்றைத் தானே சரிசெய்யும் வசதியும் இருக்கிறது. நான் அதை அணைத்துவிட்டு என் காலாலேயே செய்வேன், அந்த வேலையில் ஒரு ருசி இருக்கிறது.

குளிர்காலத்தில் ஸ்டட்லெஸ் என்ற பனி டயர் மாட்டிக்கொண்டு அதே சாலையில் நகானோ வரை போவேன். பனியில்தான் இந்தக் கார் எதற்காகப் பிறந்தது என்பது முழுசாகப் புரியும்.

மொரிசோ, மொரிசோ என்கிறார்களே, அது யார்?

டொயோட்டாவின் அப்போதைய தலைவர், இப்போதைய சேர்மன் அகியோ டொயோடா. ரேஸில் ஓட்டும்போது அவர் வைத்துக்கொள்ளும் பெயர் மொரிசோ. 2005-இல் ஐச்சியில் நடந்த உலகக் கண்காட்சியின் சின்னமாக இருந்த பச்சைத் தாத்தாவின் பெயர் அது.

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார், ஹிரோமு நருசே. டொயோட்டாவின் தலைமைச் சோதனை ஓட்டுநர். கார் ஓட்டத் தெரியாதவர் கார் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அகியோவிடம் முகத்துக்கு நேரே சொல்லி, பிறகு அவருக்கே ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் ரேஸ் பாதையில் பயிற்சி செய்யும்போது ஐரோப்பிய நிறுவனங்கள் இன்னும் வெளிவராத புதுக்கார்களைக் கொண்டு வந்து இவர்களைத் தாண்டிப் போகும், டொயோட்டாவின் கையில் இருந்ததோ பழைய சுப்ரா. 2007-இல் அங்கே 24 மணி நேரப் போட்டியில் இறங்கியபோது டொயோட்டா என்ற பெயரைக்கூடப் போட முடியவில்லை. கஸூ என்ற பெயரில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு ஆல்டெசாக்களோடு (டொயோட்டாவின் செடான் கார்) போனார்கள். இன்று ஜிஆர் என்ற இரண்டு எழுத்தில் நிற்கும் கஸூ ரேஸிங் அங்கே ஆரம்பித்ததுதான். 2010-இல் நூர்பர்க்ரிங் அருகே லெக்ஸஸ் எல்எஃப்ஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரின் சோதனைக் காரை ஓட்டிப் போகும்போது நருசே விபத்தில் இறந்துபோனார்.

டொயோட்டாவின் சொந்த நாலு வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் கார் என்று பார்த்தால் செலிகா ஜிடி-ஃபோருக்கு அப்புறம் சுமார் 20 வருடம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியை ஜிஆர் யாரிஸ் முடித்தது. இதன் சோதனை ஓட்டங்களில் அகியோவே உட்கார்ந்தார். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு முறை உலக ராலிப் பட்டம் வாங்கிய பின்லாந்துக்காரர் டொம்மி மகினெனும், அவரது குழுவும் உருவாக்கத்தில் பங்கெடுத்தார்கள். நருசே உயிரோடு இருந்து இந்தக் காரை ஒரு சுற்று ஓட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மலைச்சாலையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எங்கே செய்கிறார்கள்? மற்ற டொயோட்டாக்களோடு ஒரே வரிசையிலா?

டொயோட்டா நகரில் மோட்டோமாச்சி தொழிற்சாலை. அதற்குள் ஜிஆர் ஃபேக்டரி என்று தனிப்பகுதி. அங்கே நீளமான கன்வேயர் கிடையாது, தனித்தனிக் கூடங்கள் இருக்கின்றன, தானாக நகரும் வண்டிகள் உடல்கூட்டை ஒவ்வொரு கூடமாக எடுத்துப் போகின்றன. வெல்டிங் புள்ளிகள் அதிகம், அந்த வேலைக்கு நேரம் அதிகம், சாதா வரிசையின் வேகத்துக்கு அது ஒத்துவராது என்பதால் இந்த ஏற்பாடு. பல பிரிவுகளிலிருந்து கைதேர்ந்த தொழிலாளர்களை அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன் பாகங்களை அளந்து, எந்த உடல்கூட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்து மாட்டுகிறார்கள். நான் ஆபீஸ் போகும் வழியில் அந்தப் பக்கத்துச் சிக்னலில் சில நாள் நிற்பேன், என் கார் பிறந்த வீடு என்று ஒரு வாஞ்சை வரும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

பின் சீட் பெரியவர்களுக்கு ஆகாது. கூரையைத் தாழ்த்தியதன் விலை அது, தலை இடிக்கும். டிக்கி 174 லிட்டர், பேட்டரியையும் எடை சமநிலைக்காகப் பின்னால் வைத்துவிட்டார்கள். இரண்டு பெரிய சூட்கேஸோடு விமான நிலையம் போவது முடியாத காரியம். அம்மா இங்கே வந்திருந்தபோது முன்சீட்டில் உட்காரவைத்து, பெட்டிகளைப் பின்சீட்டை மடக்கி ஏற்றினேன். "ஏம்ப்பா, இவ்வளவு காசு குடுத்து ரெண்டே கதவா?" என்றார். ஆசுகே வரை போய்த் திரும்பும்போது "வண்டி நல்லா ரோட்டைப் புடிச்சுட்டுப் போவுது" என்றும் சொன்னார்.

பெரிய குறை எனக்கு ஓட்டுநர் இருக்கைதான். 2020 முதல் வந்த மாடல்களில் இருக்கை உயரமாக இருக்கிறது, நடுக்கண்ணாடியும் மேலே தூக்கி நிற்கும் திரையும் சேர்ந்து இடப்பக்க வளைவை மறைக்கின்றன. நான் இருக்கை அடியில் தாழ்வான ரெயில் மாற்றிப் போட்டேன், பாதி தீர்ந்தது. சஸ்பென்ஷன் கடினம், நகரத்து மேடுபள்ளம் முதுகுக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சல் உண்டு.

அப்புறம் ரேஸ் மைதானத்தில் கோடையில் தொடர்ந்து ஓட்டினால் பின்பக்க கிளட்ச் தகடுகள் சூடேறி எச்சரிக்கை வரும், ஆறும்வரை கார் முன்சக்கரத்தால் மட்டும் இழுக்கும். முதல் மாடல்களில் இது தெரிந்த பிரச்சினை. தெருவில் எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

மைலேஜ்?

நிறுவனக் கணக்கு லிட்டருக்கு 13.6 கி.மீ. எனக்கு 10 முதல் 12. ஹை ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும்.

2024-இல் வந்த புது மாடல் என்ன வித்தியாசம்? ஆட்டோமேட்டிக் வாங்கலாமா?

நான் மேலே சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தியிருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். ஓட்டுநர் இருக்கை 25 மி.மீ. தாழ்ந்தது, டாஷ்போர்டின் மேல்விளிம்பு 50 மி.மீ. இறங்கியது, கன்ட்ரோல் பேனல் ஓட்டுநரைப் பார்த்து 15 பாகை திரும்பியது. பார்க்க ராலி காரின் உட்புறம் போலச் சதுரமாக, அழகில்லாமல் இருக்கும், எனக்கு அதுதான் அழகு. வெல்டிங் புள்ளிகள் சுமார் 13 சதவீதம் கூடின, ஒட்டுப்பசை பூசும் நீளம் 24 சதவீதம் கூடியது. ஜப்பானில் சக்தி 304 பிஎஸ், டார்க் 400 நியூட்டன் மீட்டர். ஐரோப்பாவில் 280-உம் 390-உம். ட்ராக் மோடில் இப்போது முன்னே 60 பின்னே 40 முதல் 30:70 வரை தானே மாறிக்கொள்ளும்.

எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைப் போட்டிகளில் ஓட்டித்தான் தயார் செய்தார்கள். பிரேக் மிதிக்கும் விதத்தைப் பார்த்து, ஓட்டுநர் அடுத்து என்ன கியர் கேட்பார் என்று முன்கூட்டியே மாற்றுகிறது. நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், என்னைவிட வேகமாக மாற்றுகிறது, சந்தேகமே இல்லை. இடது கால் சரியில்லாதவர்களுக்கும் தினமும் நெரிசலில் போகிறவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். மற்றவர்கள் மேனுவலை எடுங்கள், இன்னும் எத்தனை வருடம் கிடைக்கும்?

இதே காசுக்கு சிவிக் டைப் ஆர் வாங்கலாமே?

வாங்கலாம், அருமையான கார். 2 லிட்டர், ஜப்பானில் 330 பிஎஸ், ஐந்து கதவு, நாலு பேர் ஒழுங்காக உட்காரலாம், பெட்டியும் ஏறும். முன்சக்கரத்தால் மட்டும் இழுக்கிற ஒரு காரை இவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியுமா என்று ஓட்டியபோது அசந்துபோனேன். காய்ந்த, அகலமான, நீண்ட வளைவுகள் உள்ள பாதையில் அது ராஜா. மழை, மேடுபள்ளம், குறுகல், பனி என்று வந்துவிட்டால் என் கைக்கு யாரிஸ்தான். ஹூண்டாய் ஐ20 என்-ஐயும் பலர் கேட்கிறார்கள், 204 பிஎஸ், முன்சக்கர இழுவை, மிகவும் குறும்பான சின்னக் கார், ஆனால் ஐரோப்பாவில் 2024-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மெர்சிடீஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் 421 பிஎஸ் தருகிறது, நேர்ச்சாலையில் இதையெல்லாம் முழுங்கிவிடும். எனக்கு அது கனமாகத் தோன்றியது.

இடம் வேண்டும், அதே இன்ஜினும் வேண்டும் என்றால் ஜிஆர் கொரோலா இருக்கிறது, 304 பிஎஸ், ஐந்து கதவு, அதே மோட்டோமாச்சியில் செய்கிறார்கள்.

விலை? இந்தியாவில் கிடைக்குமா?

ஜப்பானில் 2020-இல் ஆர்இசட் 39.6 லட்சம் யென், ஹை பெர்ஃபாமன்ஸ் 45.6 லட்சம் யென். புது மாடல் அதைவிடக் கூடுதல். இந்தியாவில் டொயோட்டா இதை விற்கவில்லை. நீளம் 3,995 மி.மீ., நாலு மீட்டருக்குள் வருகிறதே, சின்னக் கார் வரிச்சலுகை கிடைக்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. மலேசியாவில் 2021 முதல் அதிகாரப்பூர்வமாகவே விற்றார்கள், அங்கே இருக்கும் நம்மவர்கள் ஓட்டிப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பெயரைப் பாருங்கள். ஜப்பானில் ஆர்எஸ் என்று ஒரு ரகம் விற்றார்கள், அதே மூன்று கதவு உடல், அதே புடைத்த சக்கர வளைவு. ஆனால் உள்ளே டர்போ இல்லாத 1.5 லிட்டர் இன்ஜின், சிவிடி என்ற படியில்லாத ஆட்டோமேட்டிக் கியர், முன்சக்கர இழுவை. போட்டோவை மட்டும் பார்த்து விலை மலிவு என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஆர்சி என்பது போட்டிக்காரர்களுக்கான மொட்டை ரகம், வசதிகள் குறைவு, பெரும்பாலும் ராலியிலோ, கூம்புகளைச் சுற்றி ஓட்டும் ஜிம்கானா போட்டியிலோ உழைத்திருக்கும்.

நான் பார்த்த முதல் கார் ஒரு சின்ன வியாபாரியிடம் இருந்தது. ஒரே ஓனர், தெருவில் மட்டும் ஓடியது என்றார். குனிந்து பார்த்தால் முன் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் மயிரிழை விரிசல்கள், டயரின் தோள் உருகி உருண்டிருந்தது, இது மைதானத்தில் மட்டும்தான் இப்படி ஆகும். மைதானத்தில் ஓடியது தப்பே இல்லை, அதற்காகச் செய்த கார்தான். ஆயில் மாற்றிய பில்லைக் காட்டாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவதாகப் பார்த்தவர் மைதானத்துக்கு ஏழெட்டுத் தடவை போனதாக அவரே சொன்னார், ஒவ்வொரு முறைக்கும் அப்புறம் இன்ஜின் ஆயில், முன் கியர்பாக்ஸ் ஆயில், பின் டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றிய சீட்டுகளைத் தேதி வாரியாக ஃபைல் போட்டு வைத்திருந்தார். அந்தக் காரைத்தான் வாங்கினேன்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். முதல் கியரில் ஏற்றத்தில் கிளம்பி கிளட்ச் வாடை வருகிறதா என்று பாருங்கள். காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி மெதுவாக வட்டமடித்து, பின்பக்கத்திலிருந்து உறுமல் வந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கேளுங்கள். கார்பன் கூரையில் விரிசலோ மறுபூச்சோ தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்வதோடு நிற்காமல் ஏன் என்றும் கேளுங்கள், கூரை வரை அடிபட்ட வண்டி என்றால் உருண்டிருக்க வாய்ப்புண்டு.